காய்ச்சிக் குடிக்கவும்

அந்த ஊரில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. வட்டார மன்றத்தின் குடிநீர்ப் பரிசோதகர் என்று அடையாள அட்டையில் போட்டிருந்தது. அதையெல்லாம் முழுசாகச் சொல்ல யாருக்கு நேரம்? தண்ணியக்கா என்று சுருக்கிவிட்டார்கள். வாழ்க்கைப்பட்டுப் புதிதாக வருகிற பெண்கள் அந்தப் பெயரைக் கேட்டதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். "நீங்க நினைக்கிற தண்ணி இல்லம்மா, நான் அடிபம்புத் தண்ணி" என்று அவளே முந்திக்கொண்டு சொல்வாள். அதற்கப்புறம் அந்தப் பெண்களும் அவளுக்குச் சிநேகிதமாகிவிடுவார்கள்.

திங்கட்கிழமைதோறும் ஸ்கூட்டரின் கால்வைக்கும் இடத்தில் நீலநிற ஐஸ்பெட்டியை வைத்துக்கொண்டு வருவாள். ஊரில் ஒன்பது அடிபம்புகள். ஒவ்வொன்றின் குணமும் அவளுக்கு அத்துப்படி. மூன்றாவது பம்பு அடிக்கும்போது முனகும். ஆறாவதற்குப் பத்துப் பதினைந்து அடி அடித்துக் கை வலித்த பிறகுதான் மனசு வரும். தையல்காரியின் வீட்டுக்கு முன்னால் இருந்த நான்காவது பம்புதான் ஊருக்கே செல்லப்பிள்ளை. அந்தத் தண்ணீர் கண்ணாடிபோல் இருக்கும். டீ போட்டால் அந்தத் தண்ணீரில்தான் போட வேண்டும் என்று நான்கு தெரு தள்ளியிருந்தெல்லாம் குடத்தோடு வருவார்கள்.

அந்த வருஷம் மழை காலந்தவறிப் பிடித்து நான்கு நாள் விடாமல் கொட்டித் தீர்த்தது. மழை விட்டதும் வீட்டுக்கு வீடு வயிற்றுப்போக்கு. தண்ணியக்கா ஒன்பது பம்புகளிலும் சின்னச் சின்னக் குப்பிகளில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனாள். உள்ளே மருந்துக் காகிதம் போட்ட குப்பிகள் அவை. தண்ணீரில் கிருமி இருந்தால் இரண்டு நாளில் கறுத்துவிடும். ஆறு குப்பிகள் மை ஊற்றியதுபோல் கறுத்துப்போயின.

செய்ய வேண்டியதை அவள் அன்றைக்கே செய்தாள். 'இந்தத் தண்ணீரை நன்றாகக் காய்ச்சிக் குடிக்கவும்' என்று பெரிய எழுத்தில் அச்சடித்து, கீழே கையெழுத்துப் போட்டு, மன்றத்தின் முத்திரை குத்தி, ஒன்பது பம்புகளிலும் தன் கையாலேயே ஒட்டினாள். ஒட்டியதோடு விடவில்லை. குடம் வைத்துக்கொண்டு நின்ற பெண்களிடம் ஒவ்வொரு பம்படியிலும் நின்று சொன்னாள். "சும்மா வெதுவெதுன்னு சுட வச்சா போதாது. தளதளன்னு கொதிக்கணும். கொதிச்ச பிறகும் விடணும். முக்கியமா, குழந்தைங்களுக்குக் குடுக்கிறது."

இரண்டே வாரத்தில் வயிற்றுப்போக்கு நின்றது. மன்றக் கூட்டத்தில் தலைவர் அவளை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்ட வைத்தார். அவளுக்கும் உள்ளுக்குள் குளிர்ந்துதான் போயிற்று. பொய் சொல்வானேன்?

ஒரே ஒரு சோதனை மட்டும் பாக்கி இருந்தது. எருவும் கழிவும் மண்ணுக்குள் இறங்கினால் தண்ணீரில் நைட்ரேட் என்று ஓர் உப்பு சேரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. அதைப் பார்க்கும் பொடி மன்றத்து அலமாரியில் காலாவதியாகி இரண்டு வருஷமாயிற்று. புதுசு வேண்டும் என்று மூன்று கடிதம் எழுதிப்போட்டுவிட்டாள். மூன்றும் எங்கே போயிற்றோ தெரியாது. அதனால் ஒன்பது பாட்டில்களில் தண்ணீர் பிடித்துப் பெரிய நகரத்தின் ஆய்வகத்துக்கு பஸ்ஸில் போட்டுவிட்டிருந்தாள். ஐந்து வாரமாகியும் பதில் இல்லை. அங்கே எல்லாமே ஆமை வேகம்தான் என்று அவளும் பேசாமல் இருந்துவிட்டாள்.

அவள் கணவன் ஊருக்கு மேற்கே மேட்டில் இருந்த கோழிப்பண்ணையில் முட்டை வண்டி ஓட்டினான். இரண்டு லட்சம் கோழிகள் உள்ள பண்ணை. ஊரில் பாதிப் பேருக்கு அங்கேதான் வேலை. திங்கட்கிழமை காலையில் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே அவன் சிரித்தான்.

"எங்க முதலாளிக்கு அடிச்சிருக்கு பாரு யோகம். கொட்டகை கழுவுற தண்ணியெல்லாம் போய் விழுமே, அந்தப் பெரிய குழி? மாசம் ரெண்டு தடவ லாரி வச்சு உறிஞ்சி எடுக்கணும். மழைக்கப்புறம் லாரியே வேண்டியதில்லயாம். தானா வத்திடுதாம்."

"தானா எப்படிங்க வத்தும்?"

"வெயில்லதான்."

"எங்க வெயில் அடிச்சிது?"

அவன் பொத்தானை விட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்தான். வெளியே ஆறு வாரமாக இருக்கிற அதே சாம்பல் வானம்தான் இருந்தது. "எனக்கென்ன தெரியும்? அங்க எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க" என்றான். சிரிப்பு மட்டும் குறைந்துவிட்டது.

*

நான்காவது பம்படியில் அவள் பாட்டிலைத் திறந்துகொண்டிருந்தபோது தையல்காரி ஜன்னல் வழியாகக் கூப்பிட்டாள். "அக்கா, உள்ள வந்துட்டுப் போங்க. நீங்க சொன்னத எப்படிச் செய்றேன்னு வந்து பாருங்க."

தையல்காரிக்கு முதல் பிரசவம். பிள்ளை பிறந்து இரண்டு மாதம். தாய்ப்பால் பத்தாமல் புட்டிப்பால்தான். புருஷன் கட்டட வேலைக்கு வெளியூர் போயிருந்தான். முன்னறையில் தையல் மிஷின், அதன்மேல் பாதி தைத்த ரவிக்கை, மூலையில் துணிவெட்டுகள். அடுப்பங்கரையில் ஒரு பானையில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. பானையின் உட்பக்கத்தில் வெள்ளையாக ஒரு வளையம் படிந்திருந்தது.

"பானை நெறயத் தண்ணி வைப்பேன். பாதியா சுண்டுற வரைக்கும் இறக்க மாட்டேன்" என்றாள் தையல்காரி. பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பிள்ளையின் முகம். "அதுல ஒரு கிருமிகூட தப்பிக்க முடியாதுக்கா. பால்பொடி அதுலதான் கரைக்கிறது."

"நல்ல காரியம்" என்றாள் தண்ணியக்கா. குழந்தையைப் பார்க்கக் குனிந்தாள்.

குழந்தை விழித்துத்தான் இருந்தது. அழவில்லை. கையை நீட்டினால் விரலைப் பிடிக்கிற வயசு. இது விரலைப் பிடித்தது. ஆனால் பிடியில் சத்தில்லை. உதட்டைச் சுற்றி ஈயப் பாத்திரத்தின் நிறம். நகங்களைப் பார்த்தாள். பத்து நகங்களும் சிலேட்டுப் பலகையாக இருந்தன.

"எப்பலேருந்து இப்படி இருக்கு?"

"எப்படி?"

"இந்த உதடு..."

"அவங்க அப்பா நிறம்க்கா. பிறந்தப்ப சிவப்பா இருந்தான், இப்ப அவர் பக்கம் சாயறான்" என்று சிரித்தாள் தையல்காரி. "ரொம்பச் சமத்து. ராத்திரி பகல் அழுகையே கிடையாது. தூங்கு தூங்குன்னு தூங்குவான். நான் பாட்டுக்கு நாலு ரவிக்கை தச்சிடறேன்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "எதிர்வீட்டுப் பிள்ளைதான் பாவம். போன மாசம் போயிடுச்சே, உங்களுக்குத் தெரியாதா? இருதயத்துல ஓட்டையாம். அந்தப் பொண்ண அவங்க அம்மா வீட்டுக்கு அனுப்பிட்டாங்க."

தண்ணியக்கா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். எதிர்வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. கதவுக்கும் நான்காவது பம்புக்கும் நடுவே பத்தடிகூட இருக்காது.

குழந்தையின் நகங்களைத் திரும்ப ஒருமுறை பார்த்தாள். என்னவென்று சொல்லத் தெரியவில்லை. பல வருஷம் முன்னால் பயிற்சி வகுப்பில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகான தூக்கக் கலக்கத்தில் காதில் விழுந்த ஏதோ ஒன்று எங்கோ அடியில் புரண்டது. "இன்னிக்கே டாக்டர்கிட்ட காட்டு. இப்பவே" என்றாள்.

"ஒரு ரவிக்கை பாக்கி இருக்குக்கா, முடிச்சிட்டு..."

"ரவிக்கை கிடக்கட்டும். கிளம்பு."

அவள் குரலைக் கேட்டுத் தையல்காரி பயந்தே போனாள். ஷேர் ஆட்டோ ஒன்றைக் கையைக் காட்டி நிறுத்தி அவளையும் குழந்தையையும் ஏற்றிவிட்டு, தண்ணியக்கா ஸ்கூட்டரை மன்ற அலுவலகத்துக்கு விரட்டினாள்.

*

குமாஸ்தா தபால் பதிவேட்டைப் பார்க்காமலே சொன்னார். "ஆய்வக ரிசல்ட்டா? அது எப்பவோ வந்தாச்சே. தலைவர் வாங்கி வச்சிருக்கார்."

தலைவர் கெட்ட மனிதர் இல்லை. இரும்புக்கடை வைத்து முன்னுக்கு வந்தவர். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாக நிற்பார். அவள் உள்ளே நுழைந்து கேட்டதும் மேஜை இழுப்பறையைத் திறந்தார். மூடினார். திரும்பத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்து வைத்தார்.

நைட்ரேட் லிட்டருக்கு ஐம்பது மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். முதல் பம்பில் தொண்ணூறு. மூன்றாவதில் நூற்று நாற்பது. நான்காவது பம்பில் இருநூற்றுப் பன்னிரண்டு.

"இது எப்ப வந்துச்சு சார்?"

"பதினெட்டு நாள் இருக்கும்."

"பதினெட்டு நாளா!"

"உக்காரும்மா. பதறாத. பண்ணைக்காரங்ககிட்ட பேசினேன். அவங்க இன்னொரு தடவ சோதனை பண்ணிப் பாக்கலாம்னு சொல்றாங்க. அதுவும் நியாயம்தானே? ஒரு காகிதத்த வச்சு ஊரக் கலக்கிட முடியுமா? பண்ணைய மூடிட்டாங்கன்னா எத்தன குடும்பம் தெருவுக்கு வரும்? உன் வீட்டுக்காரரும் அங்கதானே?"

"சின்னக் குழந்தைங்களுக்கு இது விஷம் சார். ரத்தத்துல கலந்து மூச்சுக்காத்தையே தடுத்துடும்." அந்தத் தூக்கக் கலக்க வகுப்பு இப்போது முழுசாக மேலே வந்துவிட்டது.

"ஏம்மா, காய்ச்சித்தானே குடிக்கிறாங்க?" என்றார் தலைவர். அவர் முகத்தில் உண்மையாகவே ஆறுதல் இருந்தது. "நீதானே நோட்டீஸ் ஒட்டின? அந்தத் தைரியத்துலதான் நான் இத்தன நாளா நிம்மதியா இருந்தேன்."

"இது உப்பு சார். உப்புத்தண்ணியக் காய்ச்சினா உப்பு எங்க போகும்? தண்ணிதான் ஆவியாப் போகும். உப்பு..."

பாதியாகச் சுண்டிய பானை கண்ணெதிரே நின்றது. இருநூற்றுப் பன்னிரண்டு, பாதியாகச் சுண்டினால் நானூறுக்கு மேல். அதில் பால்பொடி. ஒரு நாளைக்கு எட்டுப் புட்டி. முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டு, இப்படித்தான் குடுக்கணும் என்று பம்படி பம்படியாக நின்று சொன்னவள் அவள்.

தலைக்கு மேலே மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. அவள் காகிதத்தை மடித்துக் கைப்பையில் போட்டாள்.

"அது அலுவலக நகல்மா" என்றார் அவர், பழக்க தோஷத்தில்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

*

ஆஸ்பத்திரியில் இளம் வயசு டாக்டரம்மா ஒருத்தி இருந்தாள். குழந்தையின் மூக்கில் ஆக்சிஜன் குழாய். தையல்காரி சுவரோரம் தன் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏன் கழற்றினாள், ஏன் பிடித்திருக்கிறாள் என்று அவளுக்கே தெரியாது.

"ஆக்சிஜன் வச்சும் நிறம் மாறமாட்டேங்குது" என்றாள் டாக்டரம்மா. "இருதயக் கோளாறுன்னுதான் தோணுது. நகரத்துக்கு அனுப்ப எழுதிட்டு இருக்கேன்."

தண்ணியக்கா காகிதத்தை நீட்டினாள். டாக்டரம்மா ஒருமுறை படித்தாள். பேனாவைக் கீழே வைத்தாள். ஊசியை எடுத்துக் குழந்தையின் குதிகாலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை வெள்ளைக் காகிதத்தில் வைத்தாள். "உங்க விரல நீட்டுங்க" என்று தண்ணியக்காவின் விரலிலும் குத்தி, பக்கத்திலேயே இன்னொரு சொட்டு.

மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். தண்ணியக்காவின் சொட்டு காற்றுப் பட்டுப் பட்டுச் சிவப்பாகிக்கொண்டே வந்தது. குழந்தையின் சொட்டு சாக்லேட்டைக் கரைத்து ஊற்றியதுபோல் பழுப்பாகவே இருந்தது. ஒரு நிமிஷம் ஆயிற்று. இரண்டு நிமிஷம் ஆயிற்று. அது மாறவே இல்லை.

"இதுக்கு மருந்து இருக்கு" என்று டாக்டரம்மா எழுந்து ஓடினாள். மருந்து அலமாரியின் அடித்தட்டில் இரண்டே இரண்டு குப்பிகள் இருந்தன. மருந்து கருநீலம். மையைப்போல் இருந்ததைப் பார்த்துத் தையல்காரி "ஐயோ, அதப் போய் என் பிள்ளைக்கா" என்று அலறிவிட்டாள். தண்ணியக்கா அவளைத் தன்னோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

நாற்பது நிமிஷம். அந்த நாற்பது நிமிஷமும் தண்ணியக்கா நகங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் கட்டைவிரல் நகத்தில் ஒரு கீற்று வெளுத்தது. பிறகு உதடு. பிறகு குழந்தை முகத்தைச் சுளித்து, மூக்கிலிருந்த குழாயைத் தட்டிவிட்டு, வீரிட்டு அழுதது. இரண்டு வாரமாக அழாத பிள்ளை, சேர்த்து வைத்து அழுதது. செவிலியர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

தையல்காரி அழுதுகொண்டே சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "என்ன நோய்க்கா இவனுக்கு?"

"நோய் இல்ல. தண்ணி."

"காய்ச்சித்தானேக்கா குடுத்தேன்?"

தண்ணியக்கா டாக்டரம்மாவைப் பார்த்தாள். டாக்டரம்மா சொல்லட்டும் என்று விட்டுவிடலாம். தலைவர்மேல் போடலாம், பண்ணைமேல் போடலாம். அதெல்லாம் பொய்யும் இல்லை.

"அதனாலதான்மா" என்றாள். "கிருமிக்குக் காய்ச்சணும். இந்தத் தண்ணில வேற ஒண்ணும் இருந்திருக்கு. அது காய்ச்சக் காய்ச்ச ஏறும். அதப் பாக்காமலேயே நான் காய்ச்சச் சொல்லிட்டேன்."

தையல்காரி அவளையே பார்த்தாள். கோபம் வரும் என்று தண்ணியக்கா காத்திருந்தாள். கோபம் வரவில்லை. தையல்காரியின் முகம் மெல்ல மெல்ல வேறு எதையோ நோக்கிப் போயிற்று.

"அக்கா, எதிர்வீட்டுப் பொண்ணுக்கும் நான்தானே சொன்னேன். அவ சோம்பேறித்தனமா லேசா சுட வச்சுக் குடுப்பா. நான்தான் சண்ட போட்டேன், தண்ணியக்கா சொன்னாங்க, நல்லாக் கொதிக்க வைன்னு. அவ பானைய நானே போய் அடுப்புல வச்சிருக்கேன்க்கா."

*

ஊர் நர்ஸின் பதிவேட்டில், தையல்காரியின் பிள்ளை போக, ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகள் பதினொன்று. அன்று சாயங்காலத்துக்குள் பதினொரு வீட்டுக்கும் போய்விடுவது என்று தண்ணியக்கா கிளம்பினாள். நர்ஸும் கூட வந்தாள்.

ஆனால் அவள் நினைத்ததுபோல் நடக்கவில்லை. ஆறு வாரம் முன்னால் அவள் சொன்னதை ஊர் வேதவாக்காக எடுத்துக்கொண்டது. இப்போது சொல்வதை ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மளிகைக்கடைக்காரர் தன் பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலிலேயே மறித்துவிட்டார்.

"அன்னிக்குக் காய்ச்சுன்னீங்க. இன்னிக்குக் காய்ச்சாதேங்கிறீங்க. என்ன தண்ணியக்கா, நீங்களே தண்ணி போட்டுட்டு வந்துட்டீங்களா?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எப்போதும் அவளே சொல்லிச் சிரிக்க வைக்கிற வார்த்தை. இன்றைக்குச் செருப்பால் அடித்ததுபோல் இருந்தது.

"சரி, காய்ச்சாமக் குடுக்கட்டுமா?" என்றாள் உள்ளேயிருந்து அவர் மருமகள்.

"அதுவும் கூடாதும்மா. காய்ச்சாட்டி வயித்தால போகும். பெரியவங்க காய்ச்சிக் குடிங்க, உங்களுக்கு இப்போதைக்கு ஒண்ணும் ஆகாது. குழந்தைக்கு மட்டும் இந்தத் தண்ணியே வேண்டாம்."

"அப்ப எந்தத் தண்ணி?"

பதினோரு கிலோமீட்டருக்குள் வேறு தண்ணீர் கிடையாது. அவள் கையில் இருந்தது ஒரு காகிதம்தான். மருமகள் கதவைச் சாத்தினாள்.

அவள் தெருமுனையில் நின்று கணவனுக்குப் போன் போட்டாள். நடந்ததைச் சொன்னாள். "குழி" என்றான் அவன். "அந்தக் குழி தானா வத்தல, இல்ல?"

ஒன்றரை மணி நேரத்தில் பண்ணையின் முட்டை வண்டி தெருவுக்குள் வந்து நின்றது. முட்டைத் தட்டுகளை எல்லாம் பண்ணை வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டு, நகரத்துக்குப் போய் நாற்பது தண்ணீர் கேன்களை ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். யாரிடமும் கேட்கவில்லை. "நாளைக்கு வேல இருக்கோ இல்லையோ, மொதல்ல இத இறக்கு" என்றான்.

கேன்களைக் கண்ட பிறகுதான் கதவுகள் திறந்தன. மளிகைக்கடைக்காரர் ஒரு கேனைத் தூக்கிக்கொண்டு போனார். பதினொரு வீட்டிலும் அடுப்பில் இருந்த பானைகளைத் தண்ணியக்கா தன் கையாலேயே சாக்கடையில் கவிழ்த்தாள். அதில் இரண்டு குழந்தைகளுக்கு நகம் மங்கலாக இருந்தது. அந்த இரண்டையும் நர்ஸ் அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். கடைசியாக ஒன்பது பம்புகளிலும் தன் கையெழுத்துப் போட்ட நோட்டீஸைக் கிழித்தாள். நான்காவது பம்பில் பசை நன்றாகப் பிடித்திருந்தது. நகத்தால் சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

*

வியாழக்கிழமை தலைவரே ஊருக்கு வந்து, பம்படியில் நின்று அந்தக் காகிதத்தை வாசித்தார். பதினெட்டு நாள் இழுப்பறையில் இருந்தது என்பதையும் அவரே சொன்னார். யாரும் கல் எறியவில்லை. எல்லாரும் அவர் முகத்தைப் பார்க்காமல் கலைந்துபோனார்கள். அவருக்கு அதுதான் தாங்கவில்லை போலிருக்கிறது. அதற்கப்புறம் அவர் கூட்டங்களில் வாய் திறப்பதே குறைந்துவிட்டது.

பண்ணைக் குழியை முழுசாக இறைத்துப் பார்த்தார்கள். அடியில் விரித்திருந்த தார்ப்பாய் ஓர் ஆள் நீளத்துக்குக் கிழிந்து கிடந்தது. மழைக்கு முன்பே கிழிந்திருக்கலாம் என்றார் பார்க்க வந்த பொறியாளர். குழியை அடைத்துவிடலாம், பம்புகளைப் பூட்டி லாரித் தண்ணீர் விடலாம். மண்ணுக்குள் போனதை என்ன செய்வது என்று கேட்டதற்கு, அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "அது பாட்டுக்குப் போயிட்டே இருக்கும். எத்தன வருஷம்னு சொல்ல முடியாது. சரிவு கிழக்க பாத்து இருக்கு."

கிழக்கே கீழூர். புதிதாக வந்த பொடியை எடுத்துக்கொண்டு தண்ணியக்கா வாரம் தவறாமல் கீழூர்க் கிணறுகளுக்கும் போனாள். முதல் வாரம் முப்பத்தொன்று. அடுத்த வாரம் முப்பத்தைந்து. அதற்கடுத்த வாரம் நாற்பது. அங்கேயும் தண்ணீர் கண்ணாடிபோல்தான் இருந்தது. அங்கேயும் சிலர், இந்த வருஷம் என்னமோ தண்ணி நல்லா இருக்கு என்றார்கள். இந்தத் தடவை அவள் யார் அனுமதிக்கும் காத்திருக்கவில்லை. ஐம்பது வரட்டும் என்றும் காத்திருக்காமல், குழந்தைகளுக்கு இந்தத் தண்ணீர் வேண்டாம் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னாள்.

அவள் கணவனை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவளுக்கு மன்றத்திலிருந்து ஒரு குறிப்பாணை வந்தது. அனுமதியில்லாமல் ஆவணத்தை வெளியே எடுத்துச் சென்றது ஏன் என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். ஒரு பக்கம் எழுதினாள். எழுதி முடித்த பிறகு, அவர்கள் கேட்காத இன்னொன்றையும் கீழே சேர்த்தாள்: நைட்ரேட் சோதனை முடிவு வருமுன் காய்ச்சச் சொல்லி நோட்டீஸ் ஒட்டியது என் தவறு. அதற்குப் பதில் எதுவும் வரவில்லை.

*

ஒரு வேலை மட்டும் மீதி இருந்தது. தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். தையல்காரிதான் ஒருநாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, "நானும் வரேன்க்கா. தனியாப் போகாதீங்க" என்றாள்.

எதிர்வீட்டுப் பெண்ணின் தாய்வீடு பஸ்ஸில் ஒரு மணி நேரம். சின்ன முன்னறை. சுவரில் காலண்டர், நான்கு பிளாஸ்டிக் நாற்காலி, ஓரத்தில் இன்னும் பிரிக்காத ஒரு பெட்டி. அந்தப் பெண்ணுக்கு இருபத்திரண்டு வயசுகூட இருக்காது. தையல்காரியின் குழந்தையை ஒரு கணம் பார்த்துவிட்டு, கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். தையல்காரி குழந்தையோடு வாசலுக்குப் போய்விட்டாள்.

தண்ணியக்கா சொன்னாள். எதையும் விடவில்லை. குழி, இழுப்பறை, பதினெட்டு நாள், நோட்டீஸ், பானை. "உங்க பிள்ளைக்கு யாரும் ரத்தம் எடுத்துப் பாக்கல. அதனால நூத்துக்கு நூறுன்னு யாரும் சொல்ல முடியாது. ஆனா டாக்டரம்மா பழைய சீட்டையெல்லாம் பாத்துட்டாங்க. இதுவாத்தான் இருக்கும்ங்கிறாங்க."

அந்தப் பெண் அழவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, "இருதயத்துல ஓட்டை இல்லையா?" என்றாள்.

"இருந்த மாதிரி தெரியல."

"எங்க மாமியார் சொன்னாங்க, எங்க வம்சத்துல சீக்கு இருக்காம். என் ரத்தத்துலேருந்துதான் பிள்ளைக்குப் போச்சாம். அதனாலதான் அனுப்பிட்டாங்க. அவரும் ஒண்ணும் சொல்லல." அவள் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். "நானும் அப்படித்தான்னு நினைச்சுட்டேன்க்கா. தினம் அதத்தான் நினைச்சிட்டு இருந்தேன்."

உள்ளறையில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. அவள் அம்மா கதவருகே வந்து நின்றாள். அப்பா சட்டையில்லாமல் துண்டோடு வந்தார்.

"எழுதிக் குடுப்பீங்களா?" என்றாள் அந்தப் பெண். "இப்ப சொன்னத எல்லாம். நீங்க நோட்டீஸ் ஒட்டினதையும் சேத்து."

"குடுக்கிறேன்."

"உங்க கையெழுத்தோட?"

"என் கையெழுத்தோட."

காலண்டருக்குப் பின்னால் செருகியிருந்த ஒரு வெள்ளைத் தாளை அப்பா எடுத்துக் கொடுத்தார். தண்ணியக்கா நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்து அதன்மேல் தாளை வைத்து எழுதினாள். ஒன்றரைப் பக்கம் வந்தது. கையெழுத்துப் போட்டுத் தேதியிட்டாள். அந்தப் பெண் வாங்கி இரண்டு முறை படித்தாள். மூன்றாம் முறை அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கேட்கும்படி வாய்விட்டுப் படித்தாள். கடைசி வரி வரைக்கும் படித்து முடித்தாள்.

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டார். "வா, இப்பவே உன்னை அங்க கொண்டுபோய் விட்டுட்டு, அவங்க மூஞ்சில இத..."

"நான் அந்த வீட்டுக்குப் போகலப்பா. ஆபீசுக்குப் போகணும். பிள்ளையோட சாவுச் சீட்டுல வேற என்னமோ எழுதியிருக்கு. மொதல்ல அத மாத்தணும்."

அவள் தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகுதான் தண்ணியக்காவை நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வையில் மன்னிப்பு இருந்ததா என்று தண்ணியக்காவுக்குச் சொல்லத் தெரியவில்லை. இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தும் அவள் வரவில்லை.

"அந்த ஆபீஸ்ல யாரப் பாக்கணும்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றாள் அந்தப் பெண்.

"தெரியும்."

"அப்ப நீங்களும் வாங்க" என்று அவள் செருப்பைத் தேடினாள்.